தலைக்கட்டு வரியும் தகரக் கொட்டகையும்: ஒரு சிற்றூர் இசைக்கூடம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையோரம் ஒரு பேரூராட்சி. பல வருடம் ஓடாமல் கிடந்த ரைஸ் மில் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, லாப நோக்கம் இல்லாத கலைக்கூடம் ஒன்றை அங்கே ஊர்க்காரர்களே நடத்திவருகிறார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் இளைஞர்களின் இசைக்குழுக்கள், பறை, இசை நாடகம், நாகசுரம், பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் என்று எல்லாமே ஒரே மேடையில் நடக்கின்றன. அமைப்பின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இரண்டையும் விட்டிருக்கிறேன். மற்றபடி எதையும் மறைக்கவில்லை. கணக்கு நோட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துக் கையில் கொடுத்தார்கள், கூட்டங்களில் உட்கார விட்டார்கள்.

இந்தக் கூடம் திறந்து கொஞ்ச காலத்திலேயே ஒருமுறை மூடப்பட்டது. பிறகு அதே கட்டடத்தில், ஏறக்குறைய அதே ஆட்களோடு மறுபடி திறந்து இன்றுவரை நடக்கிறது. இடையில் முக்கியமாக மாறியது ஜனங்களிடம் காசு வாங்கிய முறைதான். சிற்றூரில் கலைக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்காக அந்த மாற்றத்தை விரிவாக எழுதுகிறேன்.

மதுரை இருக்கும்போது இங்கே எதற்கு?

மதுரையில் அரங்குகளுக்குக் குறைவில்லை. ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால், புதிதாகக் கட்டிய தமுக்கம் அரங்கு எல்லாம் இருக்கின்றன. 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நல்ல அரங்கு உண்டு. ஆனால் நாலு பேர் சேர்ந்து கிதாரும் கீபோர்டும் உறுமியும் வைத்துச் சொந்தப் பாட்டுப் போடும் குழுவுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. அவர்கள் பாட்டைக் கேட்க வேண்டிய ஊர்க்காரர்கள் பஸ் ஏறி மதுரைக்குப் போய், நிகழ்ச்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிப்பதும் நடக்கிற காரியம் இல்லை.

ஊருக்குள் இருப்பவை மூன்று இடங்கள்: கல்யாண மஹால், பள்ளி மைதானம், கோயில் வாசல். மஹால் முகூர்த்த நாளில் கிடைக்காது, மற்ற நாளில் கொடுத்தாலும் ஜெனரேட்டருக்குத் தனிக் காசு. பள்ளி மைதானத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் பரீட்சை வந்துவிடும். கோயில் வாசலில் திருவிழாக் கமிட்டி சொல்லும் ஆடல் பாடலுக்குத்தான் மேடை. அதற்கும் காவல் நிலையத்தில் அனுமதி கிடைக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப்போட்டு வாங்கிவருவது இந்தப் பக்கம் வருடா வருடம் நடப்பது.

இத்தனைக்கும் பாட்டையும் நாடகத்தையும் சீராட்டிய நாடு இது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவை மதுரையில்தான் தொடங்கினார். அவர் எழுதிய நாடகங்களை இன்றும் ஸ்பெஷல் நாடகமாக ஆடுகிறவர்களின் சங்கம் மதுரையில் இருக்கிறது. நாயகன் வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் பபூன் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடிய ஆடுகிற அந்த முறையை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்ததும் டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் பிறந்ததும் இதே மதுரையில். ஊரில் ரசனை செத்துப்போனதாக யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொங்கலுக்கும் பங்குனிக்கும் இடையில் ஏதாவது ஒரு கிராமத்துக் கோயில் வாசலில் இரவு இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

டிக்கெட் போட்ட காலம்

முதலில் நடத்தியவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள். நல்ல மனசு, நல்ல உழைப்பு. நகரத்தில் பார்த்த மாதிரியே நடத்தினார்கள். நிகழ்ச்சிக்கு 150 ரூபாய் டிக்கெட், செல்பேசியில் முன்பதிவு, வாசலில் ஸ்கேன் செய்ய ஓர் அட்டை.

உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வெளியே, பழைய நெல் காயப்போடும் களத்தில், ஜனம் நின்று கேட்டது. தகரச் சுவர் தானே, பாட்டு தெளிவாக வந்தது. சிலர் வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்தார்கள். நடத்தியவர்களுக்கு இது மனவருத்தம். "ஓசியில கேக்குறாங்க அண்ணே, டீக்கடையில முப்பது ரூவா போடுறவன் இங்க போட மாட்டேங்குறான்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். கடன் ஏறியது. வாடகை பாக்கி நின்றது. பூட்டினார்கள்.

அந்தத் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. களத்தில் பாய் விரித்தவர்களில் பெரும்பாலோர் அந்த வருடமே அம்மன் கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் போடும் திருவிழா வரி, கட்டியவர்கள். கூலி வேலைக்குப் போகிற வீடுகூட வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடும். அந்த வரியில்தான் நாடகத்துக்கு அட்வான்ஸ் போகிறது, மேளத்துக்கும் ரேடியோ செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் போகிறது. ஆக, பாட்டுக்கும் கூத்துக்கும் இந்த ஊர் நெடுங்காலமாகக் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறது. முன்கூட்டியே, மொத்தமாக, ஊராகச் சேர்ந்து கொடுக்கும். கொடுத்தபின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும். பிச்சைக்காரர் வந்தாலும் உட்கார்ந்து பார்ப்பார், வெளியூர்க்காரர் வந்தாலும் பார்ப்பார். வாசலில் ஆள் நிறுத்தி ஒவ்வொருவராகக் காசு வாங்கி உள்ளே விடுவதுதான் ஜனங்களுக்கு ஒட்டவில்லை. சினிமாக் கொட்டகைக்கு அது பொருந்தும், அங்கே திரையில் ஓடுவது வெளியூர்ச் சரக்கு. பக்கத்துத் தெருப் பையன் பாடுவதற்கு டிக்கெட் என்றால் அவனை அந்நியமாக்குகிற மாதிரி இருந்தது அவர்களுக்கு.

வரி நோட்டு

மறுபடி திறக்கும் யோசனை ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியை சொன்னது. அவரை ஊரே டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். "திருவிழாவுக்கு நோட்டுப் போடுற மாதிரி போடுவோம்யா. வருசத்துக்கு ஒரு தடவ. அதுக்கப்புறம் யாரையும் வாசல்ல மறிக்கக் கூடாது" என்றார்.

அப்படியே செய்தார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 300 ரூபாய், முடியாதவர்களுக்கு மாதம் 25 ரூபாய். தெருத் தெருவாகப் போய் நீள நோட்டில் பெயர் எழுதினார்கள், விசேஷ வீட்டில் மொய் எழுதும் செய்முறை நோட்டில் எழுதுகிற மாதிரியே: பெயர், தெரு, தொகை. வாங்கிய பணமும் செலவும் வருடம் ஒருமுறை மேடையில் மைக்கில் வாசிக்கப்படும். ஒவ்வொரு பெயரும் சத்தமாக. அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம் வருகிறது, தன் பெயரைக் கேட்க வருகிறவர்கள். வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் துபாயிலிருந்து அனுப்பிய தொகையும் தெருமுனை இட்லிக்கார அம்மாவின் 25 ரூபாயும் அடுத்தடுத்து வாசிக்கப்பட்டதைக் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே குரல்.

நிகழ்ச்சி நடக்கும் நாளில் வாசலில் யாரும் காசு கேட்பதில்லை. உள்ளே ஓரத்தில் பூட்டிய உண்டியல் ஒன்று இருக்கிறது. வரி கட்டாதவர் விருப்பப்பட்டால் போடலாம்.

இதற்கு நெருக்கமான அனுபவம் வேறு தேசங்களிலும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கில்மன் தெரு 924-ஆம் எண்ணில் இருக்கும் இசைக்கூடம் 1986 டிசம்பர் 31 அன்று திறந்தது. எல்லா வயதுப் பிள்ளைகளும் வரலாம், மது கூடாது, உறுப்பினர் அட்டை எடுக்க வேண்டும், வேலை முழுக்கத் தன்னார்வலர்கள் பார்ப்பார்கள் என்பது அங்கே விதி. அங்கே வாசலில் நுழைவுக் கட்டணமும் உண்டு. இங்கே அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றுதான் படுகிறது, இந்த ஊருக்கு.

வரியில் இருந்த நஞ்சு

தலைக்கட்டு வரியைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. அதில் ஒரு கொடுமை இருக்கிறது, இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வரி வாங்குவது உரிமை கொடுப்பது. வரி வாங்க மறுப்பது உரிமையை மறுப்பது. தலித் மக்களிடம் கோயில் வரி வாங்காமல் ஒதுக்குவதும், வேறு சாதியில் கல்யாணம் முடித்த குடும்பத்தை வரியிலிருந்து நீக்கிவைப்பதும், தலைக்கட்டு என்றால் ஆண்தான் என்று புருசன் இல்லாத பெண்ணின் வீட்டைக் கணக்கிலேயே சேர்க்காததும் இன்னும் ஒழியவில்லை. ஒரு கலைக்கூடம் அந்த முறையைக் கையில் எடுத்தால் அதோடு ஒட்டிய அழுக்கும் சேர்ந்து வரும்.

டீச்சரம்மாவுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது. அதனால்தான் வீட்டுக்கு ஒன்று என்று வைக்காமல் ஆளுக்கு ஒன்று என்று வைத்தார்கள். புருசன் பெயருக்குக் கீழே மனைவி பெயர் வராது, அவரவருக்குத் தனி வரி, தனிப் பெயர், தனி ஓட்டு. பதினெட்டு வயது முடிந்தால் போதும். நோட்டுப் போடுவது காலனியில் தொடங்கி ஊருக்குள் வரும். யார் கொடுத்தாலும் வாங்க வேண்டும், வாங்காமல் விட்டவர் கமிட்டியில் இருக்க முடியாது என்று தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இது காகிதத்தோடு நிற்குமா என்பது பறை உள்ளே வந்தபோது தெரிந்தது. அரங்குக்குள் பறை இசை வைப்பதாக அறிவித்ததும் சிலர் வந்து, "கேதத்துக்கு அடிக்கிறத உள்ள கொண்டாந்து வைக்கிறீகளா?" என்று கேட்டார்கள். கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அடித்த பறையைச் சாவுக்கு மட்டும் உரியதாக்கி, அடிக்கிறவர்களையும் கீழே தள்ளிய கதை எல்லோருக்கும் தெரியும். கமிட்டி பின்வாங்கவில்லை. சிலர் பெயரை அடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களின் பெயர்களை அந்த வருடக் கணக்கில் வாசிக்கவில்லை, அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஒருசிலர் மறுவருடம் திரும்பி வந்தார்கள், எல்லோரும் அல்ல. 2025-இல் அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது கூடத்தில் பேனர் வைத்தார்கள். ஆனால் அந்த விருதுக்கு முன்பே, யாரும் சான்றிதழ் கொடுக்காத காலத்தில், இவர்கள் எடுத்த முடிவுதான் என் மதிப்பில் பெரியது.

பறை நிகழ்ச்சி நடக்கும் நாளில் சாயங்காலம் களத்தில் வைக்கோலைக் கொளுத்தி, ஆட்கள் சுற்றி நின்று தோலைக் காய்ச்சுவார்கள். பறையை நெருப்புக்கு நேரே பிடித்து, திருப்பி, விரல் நுனியால் தட்டிப் பார்த்து, மறுபடி பிடித்து, சத்தம் ஏறும்வரை விடமாட்டார்கள். ஈரக் காற்று அடிக்கும் கார்த்திகையில் நிகழ்ச்சிக்கு நடுவிலேயே ஒருமுறை வெளியே போய்க் காய்ச்ச வேண்டிவரும். அந்த இடைவேளைக்கு நிகழ்ச்சி நிரலிலேயே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் இப்போது அந்த நெருப்பைச் சுற்றித்தான் முதலில் கூடுகின்றன.

டிரஸ்டா, சங்கமா

முதல் முறை டிரஸ்டாகப் பதிவு செய்திருந்தார்கள். டிரஸ்ட் சுலபம்: இரண்டு மூன்று பேர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் ஜனங்கள் "அது அவங்க டிரஸ்ட்டு" என்றுதான் பேசினார்கள். வரி வாங்கத் தொடங்கிய பிறகு அது சரிப்படாது. காசு கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். வேலை அதிகம்தான். பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்க ஓர் ஆள் வேண்டும். ஆனாலும் சங்கத்துக்கு மாறினார்கள்.

பல அமைப்புகள் வருமான வரித் துறையின் 80ஜி பதிவைத்தான் முதலில் ஓடி வாங்குகின்றன. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்பது கணக்கு. சிற்றூரில் அது அவ்வளவு உதவாது என்பது இவர்கள் நோட்டைப் பார்த்தால் தெரியும். கொடுப்பவர்களில் பாதிக்குமேல் வருமான வரி கட்டும் நிலையில் இல்லாதவர்கள். கட்டுகிறவர்களில் புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குச் சட்டத்தின் பட்டியலில் கலையும் பண்பாடும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அதை வாங்க மூன்று வருட வேலைச் சான்று, அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவு, 80ஜி, கம்பெனி விவகாரத் துறைப் பதிவு எல்லாம் வேண்டும். இவர்கள் 12ஏ-வும் 80ஜி-யும் பிறகு வாங்கினார்கள், நல்லதுதான். ஆனால் வாடகை அதில் கட்டப்படவில்லை.

வாடகை எதில் கட்டப்படுகிறது என்றால், மில்லின் ரோட்டுப் பக்கத்து இரண்டு அறைகளில். ஒன்றில் டீக்கடை, மற்றொன்றில் ஜெராக்ஸ் கடை. வீட்டுக்காரர் சம்மதத்தோடு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1985-இல் தொடங்கிய ஏ.எஸ்.220 என்ற கலைக்கூடம் தன் கட்டடங்களின் கீழ்த்தளங்களைக் கடைகளுக்கு விட்டு, அந்த வருமானத்தில் மேலே கலைஞர்களுக்கு இடம் கொடுக்கிறது. அளவில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் தத்துவம் ஒன்றே: கட்டடச் செலவைக் கட்டடமே சம்பாதித்தால், வரிப் பணம் முழுக்கக் கலைஞர் கைக்குப் போகும்.

தகரத்தின் கீழே சத்தம்

இந்தக் கொட்டகை அறுபதடி நீளம், முப்பதடி அகலம், இருபதடி உயரம். சிமென்ட் தரை, செங்கல் சுவர், மேல்பாதியும் கூரையும் தகரம். நடுவில் நின்று ஒரு கை தட்டினால் அது அடங்க வெகுநேரம் ஆகும். மிருதங்கம் வாசித்தால் சொல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழையும். பாடகர் பாடும் வரி பத்தாவது வரிசைக்குப் புரியாது. முதல் காலத்தில் இதைச் சமாளிக்க ஸ்பீக்கரைக் கூட்டிவைத்தார்கள், அது இன்னும் கெடுத்தது.

வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் 1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புது விரிவுரை அரங்கில் இதே தொல்லையை ஆராய்ந்தார். பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிது. அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, அறையில் சத்தத்தை உறிஞ்சும் பரப்பின் சதுர அடியால் வகுத்தால், சத்தம் அடங்கும் நேரம் விநாடியில் வரும். இந்தக் கொட்டகை 36,000 கன அடி. பெருக்கினால் 1,764. வெறும் கொட்டகை சுமார் 500 சதுர அடிக்கு ஈடாக உறிஞ்சுவதாக வைத்தால் மூன்றரை விநாடி வரும். ஆள் ஒருவர் ஐந்து சதுர அடிக்கு ஈடு என்று கொண்டால், எண்பது பேர் உட்கார்ந்ததும் இரண்டு விநாடிக்குக் கீழே இறங்கும். சுவரில் நானூறு சதுர அடிக்கு நல்ல உறிஞ்சும் பலகை மாட்டினால் ஒன்றரைக்குக் கீழே வந்துவிடும். பேச்சும் பாட்டும் அங்கே தெளியத் தொடங்கும்.

உமி மூட்டை அடுக்கலாம், இலவம்பஞ்சு மெத்தை கட்டலாம், தென்னைநார்ப் பலகை அடிக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாம் மலிவு, எல்லாம் பற்றி எரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை இந்த மாநிலத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கூட்டம் கூடும் இடத்தில் எரியும் பொருளைச் சுவரெல்லாம் மாட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். இவர்கள் கடைசியில் ஏ.சி. வேலைக்காரர்கள் பயன்படுத்தும், தீப்பிடிக்காத ராக்வூல் பலகையை வாங்கி, மரச்சட்டத்தில் அடைத்து, மேலே துணி போர்த்தி, சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி மாட்டினார்கள். தச்சு வேலை, துணி தைக்கும் வேலை எல்லாம் ஊர்க்காரர்களே. எல்லாச் சுவரிலும் ஒரே வருடத்தில் மாட்டினால் வரிப் பணம் தீர்ந்துவிடும் என்று, மேடைக்கு எதிர்ச் சுவருக்கு முதல் வருடமும் பக்கச் சுவருக்கு மறுவருடமும் பிரித்துக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய கதவை எடுத்து, பக்கவாட்டில் இன்னொரு வெளியேறும் வழி வைத்தார்கள். பொது இடங்களுக்கான 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கப் போனபோது இது கைகொடுத்தது.

மழைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. ஐப்பசி மழை தகரத்தில் விழத் தொடங்கினால் தவிலே கேட்காது. அந்த மாதங்களில் ஞாயிறு காலையில், மழை சாயங்காலம்தான் வரும் என்ற நம்பிக்கையில் நடத்துகிறார்கள்.

பக்கத்து வீடும் கடைசி பஸ்ஸும்

ஒலிமாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் அதைவிட 5 டெசிபல்தான் கூடலாம், அதாவது பகலில் 60. இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்குக்குள் மட்டும் அனுமதி உண்டு, ஆனால் தகரக் கொட்டகையை மூடிய அரங்கு என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. செல்பேசியில் அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்ததில், சப்-ஊஃபர் போட்ட நாளெல்லாம் மீறியது. அதைக் கழற்றிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வரும் குழுக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சிலர் வருவதில்லை.

எதிர்வீட்டு ஆத்தா ஒருவர் பஞ்சாயத்துக்கு வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் பயந்தார்கள். "பாட்டு எனக்குப் பிடிக்கும்யா. பாட்டு முடிஞ்சதும் வண்டிய முறுக்குறீகளே, அதுலதான் எம் பேரன் முழிச்சிக்கிறான்" என்றார். அன்றிலிருந்து இரண்டு சக்கர வண்டிகளைப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும் என்று விதி. ஆத்தாவும் இப்போது வரி கட்டுகிறார்.

நிகழ்ச்சி நேரத்தை மாலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரை என்று வைத்ததற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கூட்டமாக வர முடிகிறது. ஆனால் திரும்பப் பஸ் இருந்தால்தான் வருவார்கள். கடைசி டவுன் பஸ் நேரத்தைக் கேட்டு, அதற்கு அரைமணி முன்னால் நிகழ்ச்சி முடியும்படி வைத்தார்கள். கழிப்பறையைப் பூட்டு, வெளிச்சம், தண்ணீரோடு கட்டியது அதே வருடம். இந்த இரண்டும் நடந்த பிறகு முன்வரிசைகளில் பெண்கள் உட்காரத் தொடங்கினார்கள். எந்தக் கலைஞரை அழைப்பது என்பதைவிட இந்த இரண்டு முடிவுகளும் கூடத்தை அதிகம் மாற்றின என்பது என் கணிப்பு.

கவர்

கலைஞருக்குக் காசு முதலில். முதல் பாட்டுக்கு முன்னால், மேடைக்குப் பின்புறம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் கவர். உள்ளே பேசிய தொகை முழுசாக. இது ஸ்பெஷல் நாடகக்காரர்களின் ஒழுங்கிலிருந்து வந்தது. அவர்கள் தேதி கொடுத்தால் டைரியில் எழுதி அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார்கள், எழுதிய தேதிக்கு உயிரைக் கொடுத்தாவது வந்து நிற்பார்கள். சொந்தப் பாட்டுப் பாடும் இளைஞர்களுக்கு எதிர்மாறான அனுபவம். "மேடை கொடுக்குறோம், பேர் கிடைக்கும்" என்று பல இடங்களில் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். முதல் முறையாகப் பாடுவதற்கு முன்பே கவர் வாங்கிய ஒரு பையன் அதைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினான்.

நாடகக் கலைஞர்களுக்கு ஆடி கழிந்தால் வேலை குறையும், ஐப்பசி முதல் மார்கழி வரை பலர் வேறு கூலிக்குப் போவார்கள். அந்த மாதங்களில் இவர்கள் அழைத்தார்கள். விடிய விடிய ஆடுவதை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்குவது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஒரு மூத்த ராஜபார்ட், "கதையச் சுருக்காதீக தம்பி. தர்க்கத்த மட்டும் எடுத்துக்கங்க, அத முழுசா விடுங்க" என்றார். வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும் இடத்தை மட்டும், ஹார்மோனியமும் மிருதங்கமும் சூழ, எதையும் வெட்டாமல் நடத்தினார்கள். கிதார் வாசிக்கும் பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டார்கள். ஒத்திகை இல்லாமல் ஒருவர் எடுக்கும் ராகத்தை மற்றவர் பிடித்துப் பதில் பாடுவது அவர்களுக்குப் புதிது.

பாட்டுரிமை இன்னொரு தலைவலி. ஜனங்கள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். பார்வையாளர்களிடம் காசு வாங்காமல் அமெச்சூர் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் கலைஞருக்குச் சம்பளம், ஊரிடம் வருட வரி என்று ஆன பிறகு அந்த விலக்கில் ஒளிந்துகொள்வது நியாயமில்லை என்று முடிவெடுத்தார்கள். உரிமம் வாங்க வசதி வரும்வரை சினிமாப் பாட்டு இல்லை. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளுக்கு உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, அவற்றை யாரும் எடுத்துப் பாடலாம். இரண்டு இளைஞர் குழுக்கள் இப்போது அவற்றில் சிலவற்றைத் தங்கள் பாணியில் அமைத்துப் பாடுகின்றன. நன்றாக இருக்கிறது, அதிலும் தாளத்தை மாற்றாமல் விட்டது.

இப்போது

பெரிய கவலை வாடகை ஒப்பந்தம். எல்லா ஊரிலும் போல இங்கேயும் பதினோரு மாத ஒப்பந்தம்தான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வீட்டுக்காரர்கள் விரும்பும் வழி இது. சுவரில் பலகை, பக்கவாட்டில் வழி, பின்னால் கழிப்பறை என்று ஊர்ப் பணத்தைப் போட்ட கட்டடத்தில் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை தயவை எதிர்பார்த்து நிற்க முடியாது. மில்லின் பழைய முதலாளி காலமாகிவிட்டார், வாரிசுகள் மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். ஒருவர் விற்கச் சொல்கிறார், ஒருவர் நடக்கட்டும் என்கிறார், ஒருவர் பிடிகொடுக்கவில்லை. பதிவு செய்த ஒன்பது வருடக் குத்தகை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகை ஏற்றம், பத்திரச் செலவு சங்கத்தினுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரச் செலவுக்கு இந்த வருடம் தனி வரி போடலாமா என்பது வரும் பங்குனிப் பொதுக்குழுவின் முதல் தீர்மானம். போடலாம் என்று கை தூக்கப்போவதாக எதிர்வீட்டு ஆத்தா இப்போதே சொல்லிவிட்டார். தனி வரி போட்டால் காலனியில் கூலிக்குப் போகிறவர்களுக்குச் சுமையாகும், உள்வாடகையை ஏற்றுவோம் என்கிறார் செயலாளர். டீக்கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை.